முத்துக்கனி தலையில் சுற்றிய வளையம்

கணினிப் பெட்டிக்குள் சுற்ற வேண்டிய வளையம் என் தலைக்கு மேல் வந்து சுற்ற ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். இ-சேவை மையத்தில் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அரையடி தள்ளி நின்றுகொண்டார்கள், ஏனென்றால் வளையம் ஒரு சுளகு அகலம் இருந்தது, இடித்துவிடுமோ என்று யோசித்தார்களே தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை. நீலமும் வெள்ளையுமாக, ஓரிடத்தில் மட்டும் வாய் விட்டுப்போன வளையல் மாதிரி, சத்தமில்லாமல் சுற்றியது. மையத்தில் உட்கார்ந்து கணினி பார்க்கிற ஜெபராணி அக்கா பெட்டியைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், "நெட் ஸ்லோவா இருக்கும்மா, அதான்," என்றாள்.

நான் கேட்டுப் போனது ஒரு சான்று. கணவனால் கைவிடப்பட்டவர் என்று தாசில்தார் ஆபீசிலிருந்து கொடுப்பது. அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஜெபராணி அக்காவின் காதுப் பக்கம் குனிந்து சொன்னேன், அவளுக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன், அப்போதும் காற்றுதான் வந்தது, கடைசியில் அவளே குரலைத் தாழ்த்தி, "அந்தச் சர்டிபிகேட்டா?" என்று கேட்டாள், நான் தலையை ஆட்டினேன். தெற்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாள் இடம் ஒன்று காலியாக இருந்தது. கைவிடப்பட்டவளுக்கு முதல் இடம் என்று சட்டம் இருக்கிறதாம். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள சான்றைக் கொண்டாந்து குடுத்துரு முத்துக்கனி, இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிரும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது," என்றிருந்தார். நான் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். மழை பெய்தால் குச்சி காயாது, குச்சி காயாவிட்டால் வேலை கிடையாது, வேலை இல்லாத நாளில் என் மகள் மிதுனா என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சத்துணவுக் கூடம் என்றால் மழையானாலும் வெயிலானாலும் அடுப்பு எரியும். எனக்கு அந்தச் சான்று வேண்டும், அதற்குமேல் எதுவும் வேண்டாம், ஆனால் அதை நான் கேட்டேன் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது.

அப்படிப்பட்டவள் தலையில்தான் அரசாங்கம் விளக்கு ஏற்றி வைத்தது.

பெட்டியில், "நேரம் முடிந்தது, மீண்டும் முயற்சிக்கவும்," என்று வந்தது. ஜெபராணி அக்கா மீண்டும் முயற்சித்தாள். முதல் வளையத்துக்கு மேலே இரண்டாவது வளையம் வந்தது. மறுபடியும் நேரம் முடிந்தது, மறுபடியும் அவள் அழுத்தினாள், மூன்றாவது வந்தது, எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் ஒரு தடவை கேட்டு விடுகிறவர்கள் இல்லை, பஸ்ஸை மறிப்பதானாலும் சாமியிடம் வரம் கேட்பதானாலும் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் காதில் விழும் என்று நம்புகிறவர்கள், அதனால் வரிசையில் நின்றவர்களும், "இன்னொருக்கா அமுக்கு தாயி, இன்னொருக்கா அமுக்கு," என்று அவளுக்குத் தைரியம் சொன்னார்கள். நான் வெளியே வரும்போது என் தலைக்குமேல் ஏழு வளையங்கள், சட்டி அடுக்கினாற்போல், ஒன்றின்மேல் ஒன்று, ஒவ்வொன்றும் அதன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தன.

முந்தானையைத் தலைக்குப் போட்டேன். சேலையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. குடையை விரித்தேன். குடைக்குமேல் ஏறிச் சுற்றியது. விறகுக்கட்டு சுமக்கிறவள் மாதிரி ஒரு சாக்கை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன், வளையங்கள் சாக்குக்கு மேல் உட்கார்ந்துகொண்டன, டீக்கடை மாடசாமி மாமா கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சாக்கு எதுக்கும்மா, பாரமா இருக்கப்போகுது," என்றார். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

என் வீட்டுக்காரர் பேர் செந்தூர்பாண்டி. வடக்கே முறுக்கு வியாபாரத்துக்குப் போனவர். மிதுனா வயிற்றில் இருக்கும்போது போனார், அவள் பிறந்ததற்கு ஒரு தடவை போனில் பேசினார், பிறகு அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. அங்கே அவருக்கு ஒரு பெண்ணும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பிள்ளையும் இருப்பதை அவரோடு போன ஆட்களே வந்து சொன்னார்கள், என்னிடம் இல்லை, தெருவிடம் சொன்னார்கள், தெரு அதை வாங்கி மடித்து எங்கோ வைத்துவிட்டது. அதற்குப் பிறகும் குழாயடியில், "மாப்ள எப்பிடி இருக்காக?" என்று கேட்பார்கள், நான், "நல்லா இருக்காக, லீவு கிடைக்கல," என்பேன். "வரும்போது சொல்லு தாயி," என்பார்கள். தீபாவளிக்குக் கேட்பார்கள், பொங்கலுக்குக் கேட்பார்கள், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கேட்பார்கள். கேட்காவிட்டால் தெரியும் என்று ஆகிவிடும், தெரியும் என்று ஆகிவிட்டால் எனக்கு மானம் போய்விடும், அதனால் கேட்டார்கள். எங்கள் தெருவில் ஆம்பளை பேரில்தான் தலைக்கட்டு. கோயில் வரி அவன் பேரில், கிடாய் வெட்டினால் கறிப்பங்கு அவன் பேரில். செந்தூர்பாண்டி பேருக்கு வருஷாவருஷம் வாழையிலையில் கட்டின கறி என் வாசலுக்கு வந்தது. அவர் பேரைத் தலைக்கட்டிலிருந்து எடுக்காமல் வைத்திருப்பது தெரு எனக்குச் செய்கிற மரியாதை. அந்த மரியாதையில்தான் நானும் என் பிள்ளையும் குடியிருந்தோம்.

வளையத்தைத் தெரு பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. "என்னத்துக்கு எழுதிப் போட்ட?" என்று பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் சித்தி கேட்டாள். "ரேசன் கார்டுல பேரு திருத்தணும் சித்தி," என்றேன். "ஆமா, பேரு தப்பாத்தான் கிடக்கும்," என்று அவளும் சொல்லி வெற்றிலையை மடித்தாள். கரண்ட் போனால் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. ஊசியில் நூல் கோர்க்க வேண்டியவர்கள் என் பக்கமாகக் குனிந்தார்கள். மிதுனா ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டாள், என் தோளில் ஏறிப் பிடிக்கப் பார்த்தாள், அதைத் தொட்டால் கையில் ஒன்றும் படாது, சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

நெட் நன்றாக இருந்தால் வளையம் வேகமாகச் சுற்றும், மோசமாக இருந்தால் தயங்கித் தயங்கிச் சுற்றும் என்பதைக் கண்டுபிடித்தது மாடசாமி மாமா. அதன்பிறகு பட்டா கேட்கப் போகிறவர்கள், சாதிச் சான்று கேட்கப் போகிறவர்கள், பிறப்புச் சான்று கேட்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் என் வீட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். "ஏத்தா முத்துக்கனி, செத்த வெளிய வா." நான் வெளியே வந்து நிற்பேன். என் முகத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். தலைக்குமேல் பார்த்துவிட்டு, "இன்னைக்குச் சுத்து நல்லா இருக்கு, போயிட்டு வந்துருவோம்," என்பார்கள், அல்லது, "இன்னைக்கு இழுக்குது, நாளைக்குப் பாப்போம்," என்று திரும்பிப் போவார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் கேட்ட சான்று எல்லாம் வந்தது. நான் கேட்டது வரவில்லை.

அம்மன் கோயிலில் பூசாரி என்னைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார், அம்மனுக்குப் பின்னாலும் வளையம், எனக்கும் வளையம், கும்பிட வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்றார். தப்பாகச் சொல்லவில்லை, ஒரு பாட்டியம்மா ஏற்கெனவே என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை என்னைக் குச்சிக்கு மருந்து முக்குகிற கூடத்துப் பக்கம் வர வேண்டாம் என்றார். ஒரு குச்சியை எடுத்து வளையத்தில் காட்டிப் பார்த்தார், பற்றவில்லை, இருந்தாலும், "முதலாளி பாத்தாருன்னா என் வேலை போயிரும் தாயி. அது அணைஞ்ச பிறகு வா," என்றார். அதோடு குச்சி அடுக்குகிற வேலையும் நின்றது. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. அரிசிப் பானையில் கை விட்டால் அடி தட்டியது.

இந்த நாட்களில்தான் ஒருநாள் காலையில் வி.ஏ.ஓ. சார் தெருவுக்கு விசாரணைக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர். கூடவே தலையாரி சங்கிலி அண்ணன். நான் வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், கதவுக்கு மேலே வளையம் தெரிந்திருக்கும், இருந்தாலும் நின்றேன்.

"இந்த வீட்டுப் பொண்ணோட வீட்டுக்காரர் எங்க இருக்காரு?" என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

"வடக்க இருக்காக சார்," என்றாள் சொர்ணத்தாய் சித்தி.

"வந்து போறாரா?"

"வராம? தீபாவளிக்கு வந்தாகளே. மகளுக்குப் பாவாடை சட்டை எடுத்துட்டு வந்தாக. ஊதாக் கலர்."

"போன் பேசுறாரா?"

"பேசுறாராவா," என்றார் மாடசாமி மாமா. "ஓயாது சார். எங்க கடை வரைக்கும் சத்தம் கேக்கும்."

சங்கிலி அண்ணனுக்கும் எல்லாம் தெரியும். அவரும், "தங்கமான பையன் சார்," என்றார்.

கதவுக்குப் பின்னால் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இல்லாத ஊதாப் பாவாடையை எனக்காக நெய்து கொடுக்கிறார்களே, என் மானத்துக்கு இத்தனை பேர் காவல் நிற்கிறார்களே என்று நினைத்தேன். அந்தப் பாவாடையை நானே பார்த்தது போலக்கூட இருந்தது.

ஜெபராணி அக்கா சும்மா இருக்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சங்கடமாக இருந்தது, ஏழு தடவை அழுத்தியது அவள் கை அல்லவா. மாவட்ட ஆபீசில் கணினிப் பழுது பார்க்கிற ரியாஸ் என்பவருக்கு விடாமல் போன் போட்டாள். ஒரு நிமிஷத்தில் நேரம் முடிந்துவிடுகிறது, அதைக் கூட்டி வையுங்கள் என்றாள். அவரும் கூட்டி வைத்தார். அது இன்னும் மோசமாகப் போனது. முன்னே ஒரு நிமிஷம் காத்திருந்து, இல்லை என்று சொன்ன பெட்டி இப்போது அரைமணி நேரம் ஒன்றும் சொல்லாமல் உறைந்துபோய் நின்றது, வரிசை மையத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை போனது, என் தலையில் வளையங்கள் மாவரைக்கிற கல் மாதிரிக் கனத்துச் சுற்றின, எனக்குக் கழுத்து வலித்தது. "கூட்டினது போதும் சார், பழையபடி ஆக்குங்க," என்று அவளே கெஞ்சினாள்.

அதன்பிறகு ரியாஸ் பஸ் ஏறி நேராகவே வந்தார். டிபன் பாக்ஸும் ஒரு சின்னக் கணினியுமாக வந்து, மையத்தில் உட்கார்ந்து, வயரைச் செருகி, என்னைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். என் வளையங்களை அவர் வியப்பாகப் பார்க்கவில்லை. "ஏழா," என்றார். "திருச்செந்தூர் பக்கம் ஒருத்தருக்குப் பதினொண்ணு பாத்தேன்."

"என்ன சார் கோளாறு?" என்றாள் ஜெபராணி அக்கா.

"நேரம் முடிஞ்சதுன்னு வந்தா இல்லேன்னு அர்த்தம் இல்ல மேடம். நம்ம பெட்டி போனைக் கீழ வச்சிருச்சுன்னு அர்த்தம். அந்தப் பக்கம் வேலை நடந்துகிட்டேதான் இருக்கும். நீங்க இன்னொருக்கா அமுக்கினா, பழையது போகாது, புதுசு ஒண்ணு கிளம்பிப் போயி பழசுக்குப் பின்னால வரிசைல நிக்கும். ஒருத்தர் கேட்ட ஒரு விஷயத்துக்கு ஏழு பேரை அனுப்பி வச்சிருக்கீங்க."

ஜெபராணி அக்காவுக்கு முகம் சிவந்துபோனது. "எல்லாரும் அமுக்கு அமுக்குன்னாக சார்."

"எல்லா ஊர்லயும் சொல்றாங்க."

இனிமேல் கேட்கிறவரை நிற்க வைக்காதீர்கள் என்றார் அவர். மனுவை வாங்கிக்கொண்டதும் ஒரு எண்ணைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் வேலை நடந்தாலும் நடக்கட்டும், முடிந்ததும் பதில் தானே செல்போனுக்கு வரும், அதே ஆள் மறுபடி கேட்டாலும் புதிதாக அனுப்பாமல் பழைய எண்ணையே காட்ட வேண்டும். பேசிக்கொண்டே அதற்கான மாற்றத்தைச் செய்து முடித்தார். அடுத்து வந்த ஆள் வருமானச் சான்று கேட்டார், அழுத்தியதும் எண் வந்தது, தலையில் ஒன்றும் வரவில்லை, அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன், தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

"இவளுக்கு?" என்றாள் ஜெபராணி அக்கா.

ரியாஸ் கொஞ்ச நேரம் எதையோ தேடிப் படித்தார். "இவங்களோடது பழைய முறைல போனது. பதில் வந்தாத்தான் நிக்கும். எங்க மாட்டியிருக்குன்னு பாத்துட்டேன். சென்னைல இல்ல. ஆதார் சரின்னு சொல்லிருச்சு, ரேசன் சரின்னு சொல்லிருச்சு, தாலுகா ரெடியா இருக்கு." என்னைப் பார்த்தார், பிறகு பார்வையைத் தன் டிபன் பாக்ஸுக்குத் திருப்பிக்கொண்டார். "உங்க தெருதாம்மா பதில் சொல்லல."

ஜெபராணி அக்கா அங்கேயே வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி வைத்தாள். அவர் குரல் அலுப்பாக இருந்தது. "நான் என்ன மேடம் எழுதுறது? அந்தப் பொண்ணு கைவிட்டுட்டாருன்னு மனு குடுத்திருக்கு. தெருவே சேந்து தீபாவளிக்கு வந்துட்டுப் போனாருங்குது. சரின்னும் எழுத முடியல, இல்லேன்னும் எழுத மனசு வரல, அப்பிடியே வச்சிருக்கேன். அந்தப் பொண்ணு தெருவுல நின்னு தன் வாயால சொல்லட்டும். அக்கம்பக்கம் ரெண்டு பேர் ஆமான்னு சொல்லட்டும். அன்னைக்கே அனுப்பிடறேன்."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இந்தத் தெருவில் நான் சத்தமாகப் பேசியதே கிடையாது, பிள்ளையைக் கூப்பிடுவதுகூடப் பக்கத்தில் போய்த்தான். என் வீட்டுக்காரர் போனதைவிட அவர் போனதைச் சொல்வது பெரிய வெட்கமாக இருந்தது. அவர் செய்தது எங்கோ வடக்கே கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது, அதைச் சொல்வதோ எல்லார் கண்முன்னாலும் நான் செய்ய வேண்டியது. சொன்னால் தெரு பொய்யாகிவிடும். என் மானத்தைக் கட்டிக்காத்தவர்கள் முகத்தில் நானே கரியைப் பூச வேண்டும். சொல்லாவிட்டால் சத்துணவுக் கூடத்துக் கரண்டி வேறு ஒருத்தி கைக்குப் போகும். வாசலில் மிதுனா ஒரு கொட்டாங்கச்சியில் மண்ணை அள்ளிப் போட்டு, "சோறு பொங்குதும்மா," என்றாள்.

குழாயில் தண்ணீர் வருகிற காலைநேரம் பார்த்து வி.ஏ.ஓ.வை வரச் சொன்னேன். தெரு முழுக்கக் குடத்தோடு அங்கேதான் நிற்கும். அவரும் சங்கிலி அண்ணனும் வந்தார்கள். மிதுனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் நின்றேன், வளையங்கள் ஈரத்தரையிலும் குடங்களிலும் சுற்றிச் சுற்றித் தெரிந்தன. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"என்னட்டி, தண்ணி பிடிக்கலையா?" என்றாள் சொர்ணத்தாய் சித்தி. என்னை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போகிற குரல் அது.

"எம் வீட்டுக்காரர் வரமாட்டாக," என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. "தீபாவளிக்கு வரல. எந்தத் தீபாவளிக்கும் வரல. பாவாடை எடுத்துட்டு வரல. போன் பேசுறதில்ல. அவுகளுக்கு அங்க வேற குடும்பம் இருக்கு. என்னையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போயிட்டாக. நீங்க கேக்கும்போதெல்லாம் நல்லா இருக்காகன்னு சொன்னேன். எனக்குத் தெரியாது. நல்லா இருக்காகளா என்னன்னு எனக்குத் தெரியாது."

குடம் ஒன்று நிறைந்து வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை.

"இதைத் தெருவுல வச்சா சொல்லணும்," என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுத்தது. மாடசாமி மாமா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "தலைக்கட்டுல பேரு போயிருமேம்மா. கொடைக்குப் பங்கு வராதே," என்றார்.

"போகட்டும் மாமா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, முகத்தைத் துடைத்து, மறுபடி தோளில் போட்டார். "ஆமா சார்," என்றார் வி.ஏ.ஓ.விடம். "போயிட்டான். எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"இன்னொருத்தர்," என்றார் வி.ஏ.ஓ.

ஒருவரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் தரையில். இத்தனை நாள் என் தலைக்குமேல் பார்த்தவர்கள் இப்போது என் காலுக்குக் கீழே பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்வது எனக்காகச் சொல்வது மட்டுமில்லை, ஊதாப் பாவாடை பொய் என்று சொல்வது, தங்கள் வாயைத் தாங்களே பொய் என்று சொல்வது. தண்ணீர் நிற்கிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அப்போது சொர்ணத்தாய் சித்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"ஆமா. போயிட்டான்," என்றாள். "ஊதாக் கலர் நான் சொன்னது. எனக்குப் பிடிச்ச கலரு அது."

வி.ஏ.ஓ. கையிலிருந்த கருவியில் எதையோ தொட்டார். என் தலைக்குமேல் முதல் வளையம் நின்றது, அதன் திறந்த வாய் மூடியது, முழு வட்டமாக ஒரு நொடி இருந்து, இல்லாமல் போனது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ஏழாவதும் போனபோது கழுத்து லேசாகி நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். மிதுனா ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து அழுதாள்.

மையத்தில் ஏழு சான்றுகள் வந்து கிடந்தன. ஏழு தடவை கேட்டதற்கு ஏழு பதில். முத்துக்கனி கைவிடப்பட்டவர், முத்துக்கனி கைவிடப்பட்டவர் என்று கணினிப் பெட்டி ஒவ்வொன்றாகத் துப்பியது. ஜெபராணி அக்கா அவசரமாக ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்து, மற்றதைக் கிழித்துப் போட்டாள். "ஒண்ணு போதும்மா," என்றாள்.

போதும்தான். பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்தேன். அந்த வருஷக் கொடைக்கு என் வாசலுக்குக் கறி வரவில்லை. குழாயடியில் கொஞ்ச நாள் ஒருவரும் என்னிடம் பேசவில்லை, கோபத்தில் இல்லை, அவரைப் பற்றிக் கேட்பதைத் தவிர என்னிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நானும் தலையைக் குனிந்தே தண்ணீர் பிடித்தேன். சொல்லிவிட்டால் வெட்கம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது போகாது, இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சொர்ணத்தாய் சித்தி என் வாசலில் நின்றாள். வெற்றிலையை மென்று துப்பினாள். பிறகு, "அந்தச் சீட்டு வயசானவளுகளுக்கும் குடுப்பாகளாட்டி?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சித்தி வீட்டுக்காரர் பம்பாயில் இருக்கிறார். நான் இந்தத் தெருவில் பாவாடை கட்டித் திரிந்த நாளிலிருந்து பம்பாயில் இருக்கிறார். கொடைக்குக் கொடை அவர் பேருக்குப் பங்கு போகும். "சித்தப்பா எப்பிடி இருக்காக சித்தி?" என்று நானும் கேட்டிருக்கிறேன், கலியாணத்துக்கு முந்தியும் கேட்டேன், என் வீட்டுக்காரர் போன பிறகும் கேட்டேன், போன பொங்கலுக்குக்கூடக் கேட்டேன். அவள், "இருக்காக இருக்காக," என்பாள். ஒரு தடவையாவது அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். என் காது சுட்டது.

மறுநாள் அவளை மையத்துக்குக் கூட்டிப் போனேன். ஜெபராணி அக்கா எண்ணைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். கொஞ்ச நாள் கழித்து வி.ஏ.ஓ. சார் தெருவுக்கு வந்து, பக்கத்து வீடு என்பதால் முதலில் என்னைத்தான் கேட்டார், அந்தம்மாவோட வீட்டுக்காரர் வந்து போறாரா என்று. குழாயடியில் எல்லாரும் நின்றார்கள். சித்தி அவள் வாசற்படியில் நின்றாள். அவள் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, இருந்தாலும் பார்த்தேன்.

"இல்ல சார்," என்றேன். "அவுக போயிட்டாக. நான் பாவாடை கட்டித் திரிஞ்ச நாள்லயே போயிட்டாக."

சித்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சத்தமாச் சொல்லுட்டி," என்றாள். "தெருக்கோடி வரைக்கும் கேக்கணும்."